இடிக்கப்பட்ட ஆங்கில மாளிகைகளின் ஓவியக்கூடங்கள்: படங்கள் எங்கே போயின, எப்படித் தேடுவது?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் 20-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டனவே, அவற்றுக்குள் இருந்த ஓவியக்கூடங்கள் என்ன ஆயின? அப்படி ஒரு கூடம் எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். படங்களில் பெரும்பாலானவை இன்னும் இருக்கின்றன. காணாமல் போனது அவை தொங்கிய சுவர். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது, எது கண்மட்டத்தில், எது கூரையோரத்தில், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பதெல்லாம் அந்தச் சுவரோடு போய்விட்டன. மூன்று நான்கு தலைமுறை சேர்த்து, மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்து உருவாக்கிய ஒழுங்கு அது. அருங்காட்சியகத்தில் ஒரு ரஃபேல் ஓவியத்தைத் தனியாகப் பார்க்கும்போது அந்த ஒழுங்கு நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் பொறுமையும் ஒரு அளவுகோலும் இருந்தால் காகிதத்தில் அதைத் திரும்பக் கட்டலாம்.

ஒரு மாளிகையை முழுதாகப் பார்த்தால் மற்றவை எளிதில் விளங்கும். ஹெர்ட்ஃபோர்டுக்கு மேற்கே இருந்த பான்ஷாங்கரை எடுத்துக்கொள்கிறேன். அது கூப்பர் பிரபுக்களின் வீடு. (எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கௌப்பர்’ என்று வரும், உச்சரிப்பு ‘கூப்பர்’.) மூன்றாவது ஏர்ல் (பிரபுப் பட்டம்) கூப்பர் இளவயதில் ஃபுளோரன்ஸுக்குப் போனவர், 1789-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்து படம் சேர்த்தார். அவருக்குப் பிந்திய ஐந்தாவது ஏர்ல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதிக் பாணியில் பான்ஷாங்கரைக் கட்டி, படங்களுக்கென்றே ஒரு கூடமும் சேர்த்தார். ஓவியர் ஸோஃபனி ஃபுளோரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தின் அறையொன்றை வரைந்த பெரிய படம் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. அதன் இடது பக்கத்தில் ஸோஃபனியே ஒரு மடோன்னாவை (கன்னி மரியாள் படம்) பிடித்துக்கொண்டு நிற்க, கூப்பர் பிரபு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மடோன்னா ரஃபேல் வரைந்தது. அது கூப்பர் கைக்கு வந்து, பான்ஷாங்கர் சேகரிப்பில் சேர்ந்தது.

அந்தச் சேகரிப்பு எப்படிக் கலைந்தது என்பதைக் கவனியுங்கள், தேடல் முறையே அதில்தான் இருக்கிறது. 1913-ல் வீடு கூப்பர் குடும்ப வாரிசான டெஸ்பரோ சீமாட்டிக்கு வந்தது. ‘சின்ன கூப்பர் மடோன்னா’ என்ற ரஃபேல் 1914-ல் அமெரிக்கச் சேகரிப்பாளர் வைடனரிடம் போனது. 1915-ல் இரண்டே மாத இடைவெளியில் சீமாட்டியின் இரண்டு மகன்கள் போரில் இறந்தார்கள். மூன்றாவது மகன் 1926-ல் கார் விபத்தில் போனான். ஸோஃபனி கையில் இருந்த ‘நிக்கொலினி-கூப்பர் மடோன்னா’ 1928-ல் ஓவிய வியாபாரி டுவீன் வழியாக அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ மெல்லனிடம் சேர்ந்தது. சீமாட்டி 1952-ல் இறந்தார். 1953-ல் மீதிப் படங்கள் லண்டன் ஏல நிறுவனமான கிறிஸ்டீஸில் ஏலத்துக்கு வந்தன, வீடும் இடிபடத் தொடங்கியது. சில படங்கள் ஏலத்துக்கே வராமல் மகள் வீட்டுக்குப் போயின. இன்று இரண்டு ரஃபேல்களும் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில். ரெம்பிரான்ட் வரைந்த பெரிய குதிரைவீரர் படம், வீடு இடிந்த சில ஆண்டுகளில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு வந்தது. பொன்டோர்மோ வரைந்த, பைபிளின் யோசேப்பு கதை சொல்லும் பலகை ஓவியங்கள் மூன்றை அதே கூடம் 1979-ல் வாங்கியது.

ஆக, ஒரே சேகரிப்பு நான்கைந்து தடவையாக, அறுபத்தைந்து ஆண்டுகளில் கலைந்தது. இடித்த ஆண்டின் ஏலப் பட்டியலை மட்டும் தேடி எடுத்து, ‘கூடத்தில் இருந்தது இவ்வளவுதான்’ என்று முடிப்பதுதான் இந்தத் துறைக்குப் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மிகச் சிறந்த படங்கள் அதற்கு முன்பே போயிருக்கும்.

இடித்ததற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870-களில் தொடங்கிய விவசாய வீழ்ச்சியில் குத்தகை வருமானம் சரிந்தது. 1882-ல் வந்த நிலச்சட்டம், விற்க முடியாதபடி பரம்பரைக் கட்டுக்குள் இருந்த வாரிசுப் பொருள்களை நீதிமன்ற அனுமதியோடு விற்க வழி திறந்தது. அதே ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் அரண்மனைப் பொருள்கள் 17 நாள் ஏலம் போயின. 1894-ல் 8 சதவீத உச்ச விகிதத்தில் வந்த மரண வரி 1919-ல் 40 சதவீதமானது, 1949-ல் 80 சதவீதமானது. இரண்டாம் உலகப்போரில் ராணுவமோ பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ எடுத்துக்கொண்ட வீடுகள் திரும்பி வந்தபோது குடியிருக்கும் நிலையில் இல்லை. 1968-ல் சட்டம் இறுகும்வரை, பாதுகாக்க வேண்டியது என்று பட்டியலிடப்பட்ட கட்டடத்தைக்கூட முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இடிக்க முடிந்தது. 1974-ல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி, அழிந்த வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் என்று காட்டிய பிறகுதான் பொதுமக்களுக்கு அதிர்ச்சி உறைத்தது.

இதில் ஓவியக்கூடம் மற்ற அறைகளைவிட முதலில் கெடும். பழைய நீள்கூடங்களுக்குப் பக்கச் சன்னல் இருந்தது. அதில் வரும் வெளிச்சம் எதிர்ச்சுவர்ப் படத்தின் வார்னிஷில் பட்டுக் கண்ணைக் கூசும், இரண்டு சன்னல்களுக்கு நடுவில் மாட்டிய படம் இருட்டில் கிடக்கும். அதனால் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கூரைக் கண்ணாடி வழியாக மேலிருந்து வெளிச்சம் விடுவது வழக்கமானது. படத்துக்கு அது நல்லது, கட்டடத்துக்குக் கெடுதல். கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு காய்ந்து வெடிக்கும். சுற்றியுள்ள ஈயக் கால்வாயில் இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். பிறகு மரத்தைத் தின்னும் பூஞ்சை உத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஆள் மேலே ஏறிப் பார்க்க வேண்டிய கூரை அது. வேலையாள் பட்டாளம் கலைந்த வீட்டில் ஏறிப் பார்க்க யாருமில்லை.

இனி தேடும் முறை.

முதலில் வீட்டின் ‘முழு நிலை’ ஆண்டு ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். படங்கள் அதிகபட்சமாக இருந்த காலம். பெரும்பாலான வீடுகளுக்கு அது 1850-ஐ ஒட்டி வரும். பெர்லின் ஓவியக்கூட இயக்குநர் வாகன் பிரிட்டன் முழுக்க வீடு வீடாகச் சுற்றிக் குறிப்பெடுத்து, 1854-ல் மூன்று தொகுதிகளும் 1857-ல் ஒரு துணைத் தொகுதியும் வெளியிட்டது நமக்குப் பெரிய வரம். பான்ஷாங்கரும் அதில் உண்டு. அவர் எல்லாப் படத்துக்கும் அளவு கொடுப்பதில்லை. ஓவியர் பெயரைப் பல இடங்களில் வீட்டார் சொன்னபடியே எழுதிக்கொள்கிறார். ஆனால் சில படங்களுக்கு ‘மிக உயரத்தில் இருப்பதால் கருத்துச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதுவார். அதை அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். அந்தப் படம் மேல் வரிசையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது வீட்டுப் பொருள் பட்டியல்கள். ஒவ்வொரு பிரபு இறக்கும்போதும் மதிப்பீட்டுக்காக ஒன்று எழுதப்பட்டிருக்கும். இவை பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் குடும்பத் தாள்களோடு கிடக்கும். இரண்டு இறப்புகளுக்கு நடுவே பட்டியலிலிருந்து காணாமல் போன படம் எது என்று பார்த்தாலே, விற்பனை எந்தக் காலத்தில் நடந்தது என்று தெரிந்துவிடும். எழுதியவர் அறைக்குள் நுழைந்து கதவிலிருந்து ஒரே திசையில் சுற்றி எழுதுவதே வழக்கம். கணப்பின் மேலிருக்கும் படம் எந்த வரிசை எண்ணில் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எந்தப் பக்கம் என்று விளங்கிவிடும்.

மூன்றாவது ஏலப் பட்டியல். மாளிகை காலியாகும்போது குறைந்தது மூன்று பட்டியல் உண்டு: உயர்ந்த படங்கள் லண்டனில் தனி ஏலம், மேசை நாற்காலி, சாதாரண உருவப்படங்கள் வீட்டு வளாகத்திலேயே கூடாரம் போட்டு ஏலம், கடைசியாகக் கதவு, கணப்பு, மரப்பலகை, ஈயம், செங்கல் என்று கட்டடத்தையே கூறுபோட்டு ஏலம். மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தியிருக்கலாம். வளாக ஏலத்தில் லாட் எண்கள் (ஏலப் பொருள் ஒவ்வொன்றுக்கும் தரும் எண்) அறை வரிசையில் போகும், ஆகவே அது தரைவரைபடம் போலவே உதவும். லண்டன் ஏலத்தில் ஓவியர் வரிசை, முக்கியத்துவ வரிசை என்று மாற்றியிருப்பார்கள். எந்த அறையிலிருந்து வந்தது என்ற தகவல் அதில் இருக்காது. கூடுமானவரை விலையும் வாங்கியவர் பெயரும் கையால் குறிக்கப்பட்ட பிரதியைத் தேடுங்கள். குறிக்கப்பட்ட பெயர் பெரும்பாலும் வியாபாரி பெயராக இருக்கும், சில சமயம் விலை போகாத லாட்டை மறைக்க எழுதிய கற்பனைப் பெயராகவும் இருக்கும். அதே படம் சில ஆண்டு கழித்து அதே குடும்பத்தின் பெயரில் மறுபடி ஏலத்துக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். விலை கினியில் இருக்கும்: 1 கினி என்பது 1 பவுண்டு 1 ஷில்லிங். 1,000 கினி என்றால் 1,050 பவுண்டு. நாளிதழ் ஒரு எண்ணும் பட்டியல் வேறு எண்ணும் சொல்வதற்கு இந்த 5 சதவீதம்தான் பெரும்பாலும் காரணம்.

நான்காவது படத்தின் முதுகு. இதைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. துணியை இழுத்துப் பிடிக்கும் பின்சட்டத்தில் ஸ்டென்சிலால் பதித்த கறுப்பு எண்ணும் எழுத்தும் இருந்தால் அது கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் சரக்கு எண். அவர்களுடைய காப்பகத்தைக் கேட்டால் எந்த ஏலம் என்று சொல்லிவிட முடியும். 1857-ல் மான்செஸ்டரில் நடந்த பெரும் கலைக் கண்காட்சி, 1870 முதல் ராயல் அகாடமி நடத்திய குளிர்காலக் கண்காட்சிகள் ஆகியவற்றின் சீட்டுகளில் இரவல் கொடுத்தவர் பெயர் இருக்கும். மெழுகு முத்திரை, சட்டத்தின் மூலையில் வண்ணத்தில் எழுதிய எண், பென்சிலில் கிறுக்கிய அறைப் பெயர் எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். இங்கே தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. துணி நைந்த படங்களுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டும்போது பின்சட்டத்தையும் மாற்றிவிடுவார்கள். அதோடு சீட்டுகளெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். மறுபுறம், பெரிய வியாபாரிகள் அமெரிக்க வாடிக்கையாளருக்காக முன்சட்டத்தையே கழற்றிப் புது இத்தாலியச் சட்டம் போட்டார்கள். பழைய சட்டம் வேறொரு படத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும். சட்டத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பினால் தவறான படத்தைத் தவறான சுவரில் மாட்டுவீர்கள்.

படத்தின் பெயரை நம்பித் தேடுவது வீண். பான்ஷாங்கரின் ரெம்பிரான்ட் குதிரைவீரர் அங்கே நெடுங்காலம் பிரெஞ்சுத் தளபதி டியூரென் என்றே அழைக்கப்பட்டார். இன்று அவர் ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஃபிரெடரிக் ரிஹெல். ஓவியர் பெயரும் இப்படித்தான். வீட்டில் ‘ஜியோர்ஜோனே’ என்று இருந்தது அருங்காட்சியகத்தில் சீடர் ஒருவர் பெயரில் நிற்கும். அளவையும் பொருளையும் வைத்துத் தேடுங்கள். பழைய பட்டியல்கள் அங்குலத்தில் இருக்கும், 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். நிக்கொலினி-கூப்பர் மடோன்னா 80.7 × 57.5 செ.மீ., அதாவது ஏறத்தாழ 31¾ × 22⅝ அங்குலம். அரை அங்குலம், ஒரு அங்குலம் குறைந்தால் பயப்பட வேண்டாம். சட்டத்தின் உதடு மறைத்தது போக வெளியே தெரிவதை மட்டும் அளந்திருப்பார்கள். நான்கு அங்குலம் வித்தியாசம் வந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, இல்லை வேறு படமா என்று நின்று யோசியுங்கள். அகலத்தை முன்னாலும் உயரத்தைப் பின்னாலும் எழுதிய பட்டியல்களும் உண்டு, நின்ற உருவப்படம் படுத்த வடிவத்தில் வந்தால் அதுதான் காரணம்.

இனி புகைப்படம். 1897-ல் தொடங்கிய கன்ட்ரி லைஃப் வாரப் பத்திரிகையின் புகைப்படத் தொகுப்பும், ஸ்விண்டனில் உள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகமும் முதலில் பார்க்க வேண்டியவை. புகைப்படத்திலிருந்து சுவரை அளக்க, அளவு தெரிந்த ஒரு படம் அதில் இருந்தால் போதும். ரிஹெல் படம் 294.5 செ.மீ. உயரம். அச்சில் அது 49 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 1 மி.மீ. = 6 செ.மீ. பக்கத்தில் அடையாளம் தெரியாத சின்னப் படம் 12 மி.மீ. உயரம் என்றால் அசல் 72 செ.மீ. இந்தக் கணக்கு கேமராவுக்கு நேர் எதிரான சுவருக்கு மட்டும்தான். பக்கச் சுவர் தூரம் போகப்போகச் சுருங்கும். அதற்குத் தரைப் பலகைக் கோடுகளையும் கூரையோரக் கோட்டையும் நீட்டி, அவை கூடும் புள்ளியை வைத்துத் திருத்த வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய புகைப்படத் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. ஓவியக்கூடச் சுவர்களுக்குப் பிடித்தமான கருஞ்சிவப்புப் பட்டு அதில் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். கருப்புச் சுவர் என்று நினைத்து வரைந்த மறுவுருவாக்கங்கள் இருக்கின்றன. பொருள் பட்டியலில் ‘சிவப்பு டமாஸ்க்’ (பூவேலைப் பட்டு) என்ற ஒற்றை வரி கிடைத்தால் அதையே நம்புங்கள். இன்னொன்று: அசலை விற்ற குடும்பங்கள் அதே இடத்தில் நகல் ஒன்றை மாட்டிவைப்பது சகஜம். ஆகவே விற்பனைக்குப் பிந்திய புகைப்படத்தில் அந்தப் படம் தெரிந்தால் விற்பனைத் தேதி தவறு என்று முடிவுகட்டாதீர்கள்.

வீட்டின் பெயருக்கு இருக்கும் கவர்ச்சியே ஒரு பொறி. வில்ட்ஷயரில் பணக்காரச் சேகரிப்பாளர் பெக்ஃபோர்டு கட்டிய ஃபோன்ட்ஹில் ஆபி 1822-ல் ஃபர்குஹரிடம் விற்கப்பட்டது. 1823-ல் ஏலதாரர் ஃபிலிப்ஸ் 37 நாள் ஏலம் நடத்தினார். அதில் பெக்ஃபோர்டு கண்ணாலும் காணாத பொருள்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்கப்பட்டன. 1825 டிசம்பர் 21-ல் கோபுரம் இடிந்து விழுந்தது; சரிபார்க்க வீடே இல்லை. அதனால் ‘ஃபோன்ட்ஹில் 1823’ என்ற சீட்டு மட்டும் போதாது. பெக்ஃபோர்டு காலத்துக் குறிப்பு ஒன்றாவது வேண்டும்.

சிற்பக்கூடங்களின் கதை வேறு மாதிரி. சர்ரேயில் தாமஸ் ஹோப்பின் டீப்டீன், 1917-ல் சேகரிப்பு ஏலம் போய், பின் ஓட்டலாகவும் ரயில்வே அலுவலகமாகவும் இருந்து 1969-ல் இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஹோப் அதீனா, ஹோப் ஹைஜியா என்ற பழஞ்சிலைகள் இப்போது லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த பழஞ்சிலைகளுக்கு மூக்கு, கை, கால் எல்லாம் புதிதாகச் செய்து ஒட்டித்தான் பிரபுக்களுக்கு விற்றார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ‘அசல் மட்டும் போதும்’ என்று அவற்றைக் கழற்றினார்கள். ஹைஜியாவுக்கு 1970-களில் அப்படிக் கழற்றி, 2006-க்குப் பிறகு திரும்பவும் பொருத்தினார்கள். பழைய செதுக்கோவியத்தில் கையில் கிண்ணத்தோடு நிற்கும் சிலையைத் தேடினால், கை இல்லாத சிலை கண்ணில் படாமலே போகும். சிலையை ஆடை மடிப்பை வைத்துத் தேட வேண்டும். மடிப்பைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை.

கட்டடத்தின் துண்டுகளும் பிழைத்திருக்கின்றன. வாட்ஃபோர்டின் காஸியோபெரி 1922-ல் பத்து நாள் ஏலம் போய் 1927-ல் இடிக்கப்பட்டது. அதன் செதுக்குமரப் படிக்கட்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் நிற்கிறது. டிரேக்லோ மாளிகையின் சுவரோவிய அறையின் ஒரு பகுதி விக்டோரியா ஆல்பர்ட்டில். லோதர் கோட்டையில் 1947-ல் பொருள்களை ஏலம் விட்டு, 1957-ல் கூரையைக் கழற்றினார்கள். சுவர்கள் இன்றும் நிற்பதால் போய் அளக்கலாம்.

கடைசியாக வரைதல். வரைதாளில் 1:50 அளவில் நான்கு சுவரையும் விரித்துப் போட்டு, கதவு, கணப்பு, படம் தொங்கும் கம்பி மூன்றையும் முதலில் குறியுங்கள். படத்தின் அளவோடு சட்டத்துக்காகப் பக்கத்துக்கு 15 முதல் 20 செ.மீ. சேர்த்து வெட்டிய அட்டைகளை வைத்து நகர்த்திப் பாருங்கள். உறுதியானவற்றுக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. ஒரு அட்டை எங்கும் பொருந்தவில்லை என்றால் அட்டையை வெட்டாதீர்கள். அளவையோ ஆண்டையோ தப்பாக எடுத்திருப்பீர்கள், பொருள் பட்டியலுக்குத் திரும்புங்கள். இன்னும் அகப்படாத படத்துக்கு வெற்றுச் செவ்வகம் போட்டு, உள்ளே அளவு, பழைய தலைப்பு, ஏலத் தேதி, லாட் எண் நான்கையும் எழுதி வையுங்கள்.